லட்சுமி, இலக்குமி, லெட்சுமி: ஒரு பெண்பெயரின் பிறப்பும் எழுத்து வடிவங்களும்

லட்சுமி என்ற பெயர் தமிழ் எழுத்தில் மட்டும் லக்ஷ்மி, லட்சுமி, இலட்சுமி, இலக்குமி, லெட்சுமி, லச்சுமி எனக் குறைந்தது ஆறு வடிவங்களில் எழுதப்படுகிறது. உரோமன் எழுத்துக்கு மாற்றினால் அந்த எண்ணிக்கை இன்னும் பெருகும். இவற்றுள் எது சரியானது என்ற கேள்வி எழும்போதெல்லாம், 'க்ஷ' உள்ள வடிவமே மூலம், மற்றவை பேச்சுச் சிதைவு என்று ஒரு சாராரும், இலக்குமியே தமிழ், மற்றவை கலப்படம் என்று இன்னொரு சாராரும் கூறுகின்றனர். உரோமன் எழுத்தில் 'எக்ஸ்' போட்டு எழுதுவது எண்சோதிடத்துக்காகச் செய்த மாற்றம் என்று நம்புவோரும் பலர். மூன்று கருத்துகளுமே பெயரின் வரலாற்றோடு முழுமையாகப் பொருந்தவில்லை. இந்த வடிவங்களில் பெரும்பாலானவை, ஒவ்வொரு மொழியும் எழுத்து முறையும் தத்தம் விதிகளுக்கு உட்பட்டு இப்பெயரை ஏற்றுக்கொண்டதன் விளைவுகள். அந்த விதிகள் எவை என்பதை இலக்கணப் பயிற்சி இல்லாதவரும் புரிந்துகொள்ளும் வகையில் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயராவதற்கு முன்

லக்ஷ்மீ என்பது தொடக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரோ தெய்வத்தின் பெயரோ அன்று. அது ஒரு பொதுச்சொல். சமஸ்கிருதத்தில் 'லக்ஷ்' என்னும் வேர்ச்சொல்லுக்குக் 'கவனி', 'குறியிடு', 'அடையாளம் காண்' என்பன போன்ற பொருள்கள் உண்டு. வேர்ச்சொல் என்பது, பல சொற்கள் கிளைப்பதற்கு அடிப்படையாக நிற்கும், மேலும் பிரிக்க இயலாத சொற்கூறு. இந்த வேரிலிருந்து பிறந்த லக்ஷ்மீ என்பதற்கு 'அடையாளம்', 'குறி' என்பதே முதற்பொருள்.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் பேச்சைப் பற்றிய ஒரு பாடல் இருக்கிறது. அறிவுடையோர் மாவைச் சலிப்பதுபோல் சொல்லைச் சலித்துப் பேசும்போது அவர்களது பேச்சில் 'நல்ல லக்ஷ்மீ' பதிந்திருக்கிறது என்று அது கூறுகிறது. அங்கே செல்வமும் இல்லை, தாமரையும் இல்லை. நல்லதொரு அடையாளம் என்பதே பொருள். அதர்வ வேதத்தில் இச்சொல் இரு பக்கமும் சாய்கிறது. நல்ல லக்ஷ்மீ, தீய லக்ஷ்மீ என இரண்டையும் பேசி, தீயதைப் பறந்துபோகச் சொல்கிறது ஒரு பாடல். ஒருவரிடம் உள்ள குறி நற்குறியாகவும் இருக்கலாம், தீக்குறியாகவும் இருக்கலாம் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. காலப்போக்கில் நற்குறி என்ற பொருள் மட்டும் சொல்லோடு நிலைத்து, நற்பேறு, செழிப்பு, அழகு, செல்வம் என விரிந்தது. தீயதற்கு 'அலக்ஷ்மீ' என எதிர்மறைச் சொல் தனியே பிரிந்தது.

யஜுர் வேதத்தின் ஒரு பகுதியில் ஸ்ரீ, லக்ஷ்மீ என்போர் இருவராகவே சொல்லப்படுகின்றனர். பின்னர்தான் அவ்விரு பெயர்களும் ஒரே தெய்வத்தைக் குறிக்கலாயின. பழந்தமிழ் அத்தெய்வத்தைத் 'திரு' என்றும் 'திருமகள்' என்றும் தன் சொற்களாலேயே சுட்டியது. வள்ளுவர் ஓரிடத்தில் 'செய்யவள்' என்றும் இன்னோரிடத்தில் 'தாமரையினாள்' என்றும் சொல்கிறார். பொறாமை உள்ளவனைச் செய்யவள் தன் தமக்கையாகிய தவ்வைக்குக் காட்டிவிட்டு நீங்குவாள் என்ற அவருடைய குறளில், பேறும் பேறின்மையும் உடன்பிறந்த இருவராக நிற்பதைக் காணலாம்.

லட்சத்தோடு என்ன உறவு?

லட்சக்கணக்கில் பொருள் தருபவள் என்பதால் லட்சுமி என்று பெயர் வந்தது என ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. சொற்கள் கேட்பதற்கு ஒத்திருப்பதை வைத்துப் பின்னாளில் மக்கள் கற்பித்துக்கொள்ளும் இத்தகைய விளக்கத்தை நாட்டார் சொற்பிறப்பு என்பர். லட்சத்துக்கும் லட்சுமிக்கும் உறவு உண்டு. ஆனால் அது தாய்மகள் உறவன்று, ஒரே வேரில் பிறந்த உடன்பிறப்பு உறவு. 'லக்ஷ' என்பதும் முதலில் குறி என்றே பொருள்பட்டு, பின்னர் நூறாயிரம் என்ற எண்ணுக்குப் பெயராயிற்று.

அதே வேரைச் சேர்ந்தவையாகப் பொதுவாகக் கருதப்படும் வேறு சொற்களையும் பார்த்தால் ஒரு சுவையான ஒழுங்கு புலப்படும். லட்சணம், இலக்கணம், லட்சியம், இலக்கு, லட்சம், இலக்கம். ஒவ்வொரு இணையிலும் ஒன்றில் 'ட்ச' வருகிறது, மற்றொன்றில் 'க்க' வருகிறது. இலக்கு, இலக்கணம் ஆகியவை தமிழ் வேரிலேயே பிறந்தவை எனக் கொள்ளும் அறிஞர்களும் உண்டு. அந்த விவாதத்தை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. லட்சுமி, இலக்குமி என்ற இணையும் இதே வரிசையில் அமைகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த பகுதி எளிதாகும்.

சுருங்கச் சொன்னால், பெயரின் முதற்பொருள் குறி அல்லது அடையாளம். நற்பேறும் செல்வமும் பின்னர் சேர்ந்த பொருள்கள்.

தமிழில் நுழையும்போது நேரும் நான்கு தடைகள்

வெளிநாட்டில் வாங்கிய மின்கருவியின் செருகி நம் வீட்டுச் சுவரில் உள்ள துளைகளில் பொருந்தாவிட்டால் நமக்கு மூன்று வழிகள் உண்டு. செருகியையே வெட்டிவிட்டு உள்ளூர்ச் செருகியைப் பொருத்தலாம்; இடையில் ஒரு மாற்றியை வைக்கலாம்; அல்லது சுவரிலேயே புதிய துளைப்பலகையைப் பதிக்கலாம். கருவி மூன்றிலும் ஒன்றுதான். இலக்குமி முதல் வழி, லட்சுமி இரண்டாம் வழி, லக்ஷ்மி மூன்றாம் வழி. இனி ஒப்புமையை விட்டுவிட்டு உண்மையான இயக்கத்தைப் பார்க்கலாம்.

'லக்ஷ்மீ' என்ற ஒலித்தொடர் தமிழின் ஒலியமைப்போடு நான்கு இடங்களில் மோதுகிறது.

முதல் மோதல் சொல்லின் தொடக்கத்தில். தமிழ்ச் சொல் 'ல' என்னும் எழுத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியக் காலந்தொட்டு வரும் விதி. பிறமொழிச் சொல் லகரத்தில் தொடங்கினால் அதன் முன் இகரமோ உகரமோ சேர்த்துக்கொள்ளலாம் என்று 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் வழி காட்டுகிறார். லோகம் உலோகமாகவும் உலகமாகவும் எழுதப்படுவது உகரத்தால். லக்ஷ்மீ இலக்குமி ஆவது இகரத்தால். இராமன் என்று எழுதிவிட்டு 'ராமன்' என்று படிப்போர் மிகப் பலர் என்பதால், இந்த முன்னெழுத்து இன்று பெரும்பாலும் கண்ணுக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

இரண்டாவது மோதல்தான் மையமானது. எந்த மெய்யெழுத்தை அடுத்து எந்த மெய்யெழுத்து வரலாம் என்பதை வரையறுக்கும் ஒழுங்குக்கு மெய்ம்மயக்கம் என்று பெயர். தமிழில் க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மைத் தாமே அடுத்து வரும். பிற மெய்களோடு சேரா. 'பக்கம்' என்று சொல்லலாம், 'பக்சம்' என்று தமிழில் ஒரு சொல் அமையாது. எனவே 'க்' என்னும் மெய்யை அடுத்து 'ஷ்' வரும் கூட்டொலிக்குத் தமிழில் இடமே இல்லை. ஆனால் ட், ற், ல், ள் ஆகியவற்றின் முன் க, ச, ப ஆகிய மூன்றும் வரலாம் என்பது தொல்காப்பியம். கட்சி, ஆட்சி, காட்சி, நீட்சி என்ற சொற்களை எண்ணிப் பாருங்கள். 'ட்ச' தமிழுக்கு முற்றிலும் இயல்பான கூட்டு. 'ஷ' என்பது 'ட'வைப் போலவே நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கப்படும் ஒலி. ஆகவே அந்த வளைவைத் தக்கவைத்துக்கொண்டு தமிழுக்கு ஏற்ற கூட்டாக மாறும்போது 'க்ஷ' இயல்பாகவே 'ட்ச' ஆகிறது. சாக்ஷி சாட்சியானதும், பக்ஷி பட்சியானதும், பரீக்ஷை பரீட்சையானதும் இதே வழியில்தான். லட்சுமியைப் பேச்சுச் சிதைவு என்பவர் சாட்சியையும் பரீட்சையையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். அப்படிச் சேர்ப்பவரை நான் கண்டதில்லை.

மூன்றாவது மோதல் சற்றுச் சிறியது. 'ட்ச்' என்பதை அடுத்து 'ம்' வருகிறது. ச் என்னும் மெய்யை அடுத்து மகரம் வராது என்பதால் இடையில் ஓர் உயிரொலி புகுந்து இரண்டையும் பிரிக்கிறது. பெரும்பாலும் அது உகரம்: லட்சுமி. சிலரது பேச்சில் 'மி'யில் உள்ள இகரத்தின் ஈர்ப்பால் லட்சிமி, லெச்சிமி எனவும் ஒலிக்கும்.

நான்காவது, சொல்லின் இறுதி. வடமொழியில் ஆகாரத்தில் முடியும் பெயர்கள் தமிழில் ஐகாரமாகவும், ஈகாரத்தில் முடிபவை இகரமாகவும் ஆகும் என்பது நன்னூல் விதி. சீதா சீதையானாள், பார்வதீ, கௌரீ, லக்ஷ்மீ மூவரும் பார்வதி, கௌரி, லட்சுமி என இறுதி குறுகினர். 'மீ' என்று நீட்டி எழுதுவோர் தமிழில் அநேகமாக இல்லை என்பதால் இதைப் பற்றி எவரும் சண்டையிடுவதில்லை.

இங்கே ஒன்றைத் தொகுத்துக்கொள்ளலாம். சொல்முதலில் இகரம், நடுவில் 'ட்ச' அல்லது 'க்க', அதன்பின் உகரம், இறுதியில் குறில் ஆகிய நான்கு மாற்றங்களும் விதிக்கு உட்பட்டவை. நான்கையும் செய்தால் இலட்சுமி அல்லது இலக்குமி. முதலாவதை மட்டும் விட்டுவிட்டால் லட்சுமி. இவ்வாறு தமிழ் ஒலிக்கேற்ப மாற்றிக்கொள்ளப்பட்ட வடசொல்லைத் தற்பவம் என்று இலக்கணம் குறிப்பிடும்.

'க்க' எங்கிருந்து வந்தது?

'ட்ச' தமிழின் ஒலியமைப்பால் வந்தது என்றால், இலக்குமியில் உள்ள 'க்க' எப்படி வந்தது என்ற கேள்வி எழும். நன்னூல் 'க்ஷ' இரண்டு ககரமாகும் என்றே விதி கூறுகிறது. பக்ஷம் பக்கமானதை உரைகள் எடுத்துக்காட்டும். கம்பர் லக்ஷ்மணனை இலக்குவன் என்று பாடியது இதே மாற்றத்தால்.

இந்த மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. சமஸ்கிருதத்தோடு வழங்கிய மக்கள் மொழிகளான பிராகிருதங்களில் 'க்ஷ' இரண்டு பாதைகளில் சென்றது. ஒன்றில் அது மூச்சொலியுடன் கூடிய 'க்க' ஆயிற்று. மற்றொன்றில் மூச்சொலியுடன் கூடிய 'ச்ச' ஆயிற்று. பாலி மொழியில் இப்பெயர் 'லக்கீ' என்றும், பிராகிருதத்தில் 'லச்சீ' என்றும் காணப்படுகிறது. பௌத்த சமண சமயங்களின் வழியாகவும் வணிகத்தின் வழியாகவும் பிராகிருதச் சொற்கள் தமிழுக்கு வந்த காலத்தில் இவ்விரு வடிவங்களுமே இங்கே அறிமுகமாகியிருக்க வாய்ப்பு உண்டு. பிக்ஷை தமிழில் 'பிச்சை' ஆனதும், தக்ஷிணம் 'தக்கணம்' ஆனதும் இந்த இரு பாதைகளுக்கும் சான்றுகள்.

இன்றைய மொழிகளிலும் அவ்விரு தடங்கள் அழியவில்லை. வங்காளத்தில் எழுதும்போது 'க்ஷ்மீ' என்ற கூட்டெழுத்தையே இட்டாலும் வாயால் சொல்லும்போது 'லொக்கி' என்றே சொல்வர்; நல்ல பிள்ளையைப் பாராட்டவும் அச்சொல்லே பயன்படும். இந்தியின் வட்டாரப் பேச்சில் 'லச்மி' உண்டு. தெலுங்கில் 'லச்சி' உண்டு. தமிழ்ப் பேச்சில் வரும் லச்சுமி, செல்லமாகச் சொல்லும் லச்சு ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் பாமரத் திரிபு என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'ட்ச' என்பது பேச்சில் 'ச்ச' எனத் தேய்ந்ததும் அதற்குக் காரணமாகலாம். ஆனால் அதே ஒலி இந்தியாவின் பல மூலைகளில் இரண்டாயிரம் ஆண்டுகளாக வழங்கி வந்திருக்கிறது.

லெட்சுமியில் எகரம்

சிலர் எழுத்திலும், மிகப் பலர் பேச்சிலும் லெட்சுமி என்கின்றனர். இதுவும் தற்செயலானதன்று. வல்லோசையாக அழுத்தாமல் குரல் அதிர ஒலிக்கப்படும் மெய்களும், ர, ல போன்றவையும் பிறமொழிச் சொற்களின் முதலில் வரும்போது, அவற்றை அடுத்த அகரம் தமிழரின் வாயில் எகரமாக நகர்வது பரவலான வழக்கு. கங்கை கெங்கையாகிறது, ரங்கநாதன் ரெங்கநாதனாகிறது, ஜயம் ஜெயமாகிறது, பலம் பெலமாகிறது. ஜெயலட்சுமி என்று எழுதுவோர் முன்பாதியில் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டு பின்பாதியில் ஏற்காமல் விடுவதைக் கவனிக்கலாம். ஒரே பெயருக்குள் எழுத்து மரபு இரண்டு விதமாக உறைந்து நிற்பது வேடிக்கைதான்.

கூட்டுப்பெயர்களைப் பற்றி இன்னொரு குறிப்பு. முத்துலட்சுமி, ராஜலட்சுமி, சுப்புலட்சுமி, வரலட்சுமி போன்றவற்றில் 'ல' சொல்லின் நடுவே வந்துவிடுவதால் முதலாவது தடை தானாகவே நீங்கிவிடுகிறது. இகரம் சேர்க்க வேண்டிய தேவை இல்லை. தனிப்பெயரை இலட்சுமி என்று எழுதுபவரே முத்துலட்சுமி என்று எழுதினால் அதில் முரண் எதுவும் இல்லை. இப்பெயர் ஆண்களின் பெயர்களிலும் முன்கூறாக வரும்: லட்சுமிபதி, லட்சுமிகாந்தன், லட்சுமிநாராயணன். நேபாளத்தின் பெருங்கவிஞர் லக்ஷ்மி பிரசாத் தேவ்கோட்டா (1909–1959) ஓர் ஆண்.

'க்ஷ' என்ற எழுத்து

மூன்றாம் வழி, புதிய எழுத்தைச் சேர்த்துக்கொள்வது. வடமொழியைத் தமிழகத்தில் எழுதுவதற்குப் பல்லவர் காலம் தொட்டு வழங்கிய எழுத்து முறை கிரந்தம். அதிலிருந்து ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகியவை தமிழ் எழுத்துவரிசையின் ஓரத்தில் வந்து அமர்ந்தன. இவற்றைக் கொண்டு லக்ஷ்மி என எழுதும்போது மெய்ம்மயக்க விதி மீறப்படுகிறது; ஆனால் மூல ஒலி ஏறத்தாழ அப்படியே காக்கப்படுகிறது. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் கிரந்த எழுத்துகளைத் தவிர்க்க வலியுறுத்தியது. வேதாசலம் என்ற தம் பெயரையே அவர் தமிழாக்கிக்கொண்டார். அதன்பின் லக்ஷ்மி, இலக்குமி என்ற தேர்வு ஒலியைப் பற்றியது என்பதைத் தாண்டி, எழுதுபவரின் மொழிக்கொள்கையையும் காட்டுவதாயிற்று. லட்சுமி என்பது கிரந்தமும் இல்லாமல், முன்னெழுத்தும் இல்லாமல், அச்சில் பெருவழக்காக இடையில் நிலைத்துவிட்டது.

உரோமன் எழுத்துக்குச் செல்லும்போது

ஓர் எழுத்து முறையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து இன்னொரு முறைக்கு மாற்றுவது எழுத்துப்பெயர்ப்பு. காதில் விழுந்ததைத் தெரிந்த எழுத்தில் எழுதுவது வேறு. இப்பெயரின் உரோமன் வடிவங்களில் சில முதல் வகை, பல இரண்டாம் வகை.

1784-இல் கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ், ககர ஒலிக்கு 'சி' என்ற எழுத்தைக் கையாண்டு எல்-ஏ-சி-எஸ்-எச்-எம்-ஐ என எழுதினார். பின்னர் 'சி'யின் இடத்தில் 'கே' வந்து, இன்று பரவலாகக் காணும் எல்-ஏ-கே-எஸ்-எச்-எம்-ஐ உருவாயிற்று. 'எக்ஸ்' வடிவமும் அதே முயற்சியின் இன்னொரு முடிவே. உரோமன் எழுத்தில் 'எக்ஸ்' என்பது ககரமும் ஸகரமும் சேர்ந்த ஒலிக்கு உரியது. 'க்ஷ'வை ஒரே எழுத்தாகக் கருதுவோருக்கு அதற்கு ஈடாக ஒரே எழுத்தை இடுவது வசதியாக இருந்தது. மராட்டியம், குஜராத், நேபாளம் ஆகிய இடங்களில் அந்த வடிவம் மிகுதி. எண்சோதிடத்துக்காக எழுத்தை மாற்றிக்கொள்வோர் இல்லாமல் இல்லை. ஆனால் 'எக்ஸ்' அவர்கள் கண்டுபிடித்தது அன்று.

இலங்கைத் தமிழரிடையே எல்-யூ-எக்ஸ்-எம்-ஐ என்ற வடிவம் காணப்படும். அதை 'லுக்ஸ்மி' என்று படிப்பது தவறு. ஆங்கிலேயர் தம் மொழி வழக்கப்படி குறில் அகரத்தைக் குறிக்க 'யூ' எழுத்தைப் பயன்படுத்தினர். பஞ்சாப் என்ற பெயரின் ஆங்கில எழுத்தில் முதல் உயிராக 'யூ' நிற்பதும் இதனால்தான். இந்தியப் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுத வில்லியம் ஹண்டர் வகுத்த முறையை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு ஏற்ற பிறகு அகரத்துக்கு 'ஏ' என்பது பொது வழக்காயிற்று. பழைய பழக்கம் ஆங்காங்கே எஞ்சியது.

மலேசியாவில் காணும் எல்-இ-டி-சி-எச்-யூ-எம்-ஐ என்ற வடிவமே என்னை மிகவும் கவர்வது. பிற வடிவங்கள் ஏட்டுச் சமஸ்கிருதத்தைப் பின்பற்றுகின்றன. இது மனிதர் வாய்ச்சொல்லைப் பின்பற்றுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் மலாயா, மொரிசியஸ், நேட்டால், பிரிட்டிஷ் கயானா ஆகிய இடங்களுக்குத் தொழிலாளர்களாகச் சென்ற தமிழரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதியோர் பலருக்குத் தமிழ் தெரியாது. சொன்னவர் லெச்சுமி அல்லது லெட்சுமி என்றார். கேட்டவர் 'எ'வுக்கு 'இ' என்ற ஆங்கில எழுத்தையும், அழுத்தமான சகரத்துக்கு 'டி-சி-எச்' என்ற ஆங்கில வழக்கையும், இடையில் கேட்ட உகரத்துக்கு 'யூ'வையும் இட்டார். மேலே கண்ட எகர மாற்றமும் உகரச் சேர்ப்பும் அந்த எழுத்துகளில் அப்படியே பதிவாகியிருக்கின்றன. பிழையான எழுத்து என்று பலர் திருத்த முனையும் இவ்வடிவம், அக்காலப் பேச்சுத் தமிழுக்கு நல்லதொரு சான்று.

உண்மையான பிழைகள் எங்கே நேர்கின்றன?

உரோமன் எழுத்திலிருந்து பெயரை மீண்டும் தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் பிழைகள் மிகுகின்றன. 'எக்ஸ்' உள்ள வடிவத்தைப் பார்த்து 'லாக்ஸ்மி' என்றும், மலேசிய வடிவத்தைப் பார்த்து 'லெட்ச்சூமி' என்றும் எழுதிவிடுவது உண்டு. இவற்றுக்கு எந்த மொழியின் ஒலிவிதியும் துணை நிற்காது. பெயருக்கு உரியவர் தமிழர் எனில் அவர் வீட்டில் வழங்கும் வடிவத்தைக் கேட்டு எழுதுவதே முறை. கேட்க வழியில்லாதபோது முதலாவதை லட்சுமி என்றும் இரண்டாவதை லெட்சுமி என்றும் எழுதலாம்.

கணினியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியெண் தரும் உலகப் பொது முறையான யூனிகோடில் 'க்ஷ' தனி எழுத்தன்று. க, புள்ளி, ஷ ஆகிய மூன்று குறியெண்கள் சேர்ந்தே அது திரையில் ஓரெழுத்தாகத் தோன்றுகிறது. லக்ஷ்மி, லட்சுமி, இலட்சுமி மூன்றும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துச் சரங்கள். ஒன்றைத் தேடினால் மற்றவை தாமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அகரவரிசையிலும் இலட்சுமி இகரத்தின்கீழ் முன்னே போய்விடும். லட்சுமி லகரத்தில் வெகுதொலைவில் நிற்கும். எனவே பழைய பட்டியல்களிலோ ஆவணங்களிலோ இப்பெயரைத் தேடுவோர் இகரத்தின்கீழும் லகரத்தின்கீழும் தனித்தனியே பார்ப்பதோடு, 'லெ' என்ற தொடக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உரோமன் எழுத்துப் பதிவேடு எனில் எல்-ஏ, எல்-இ, எல்-யூ ஆகிய மூன்று தொடக்கங்களிலும் தேட வேண்டியிருக்கும்.